அணைக்க முடியாத டிவி

என் வீட்டுக்காரருக்கு லிஃப்ட் ரிப்பேர் தொழில், லினக்ஸ் பைத்தியம். தொழிலைச் சாயங்காலத்தோடு விட்டுவிடுவார். பைத்தியத்துக்கு நேரம் காலம் கிடையாது.

உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பச்சைப் பலகை. அதை 'போர்டு' என்பார். அதுதான் முழு கம்ப்யூட்டர் என்று சொன்னால் சிரிப்பீர்கள், நானும் சிரித்தேன். ஒரு மெமரி கார்டில் லினக்ஸை, அதாவது கம்ப்யூட்டரை ஓட்டுகிற மென்பொருளை, ஏற்றிச் செருகி, போன் சார்ஜரை மாட்டினால் அதன் ஓரத்தில் சின்னதாக ஒரு விளக்கு கண் சிமிட்டும். அப்போது இவர் முகத்தில் வருகிற வெளிச்சம் எங்கள் கல்யாண போட்டோவில்கூட கிடையாது. விலை மலிவு என்பது இவருடைய முதல் வாதம். லினக்ஸ் இலவசம் என்பது இரண்டாவது. "நாம சொன்னதை மட்டும்தான் செய்யும்" என்பது மூன்றாவது. அப்படி ஒரு ஜீவன் வீட்டில் இருந்தால் நல்லதுதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

விட்டதுதான் தப்பு. ஹாலில் பாட்டுக்கு ஒரு போர்டு, மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியைக் கண்காணிக்க ஒன்று, பரணில் ஒன்று எதற்கு என்று அவருக்கே மறந்துவிட்டது. போர்டுக்கென்று விற்கிற டப்பாவை வாங்கமாட்டார். பிளாஸ்டிக் சோப்பு டப்பாவில் ஓட்டை போட்டு அதற்குள் உட்கார வைப்பார். எங்கள் வீட்டில் போர்டுகளெல்லாம் டப்பாவுக்குள் சுகமாக இருக்கின்றன, சோப்பு தரையில் கிடக்கிறது.

உருப்படியாக இருந்தது டிவிக்குப் பின்னால் ஒட்டியிருந்த போர்டு ஒன்றுதான். அதற்குச் 'சின்னவன்' என்று பெயர் வைத்திருந்தார். அதை என் மாமனாருக்காகச் செய்தார். மாமனார் விரல் பட்டால் போனில் இருப்பதெல்லாம் காணாமல் போய்விடும். அதனால் குடும்பத்துக்கென்று இணையத்தில் ஒரு இடம் பிடித்து வைத்திருந்தோம். யார் எந்த வீடியோவை அங்கே போட்டாலும், சின்னவன் தானாக இறக்கி டிவியில் ஓட்டிவிடுவான். அதுவும் மாமனாரின் காதுக்கு ஏற்ற சத்தத்தில். ரிமோட்டில் எதையாவது அமுக்கி டிவியை அணைத்துவிட்டு, "போச்சு, எல்லாம் போச்சு" என்று மாமனார் கூப்பாடு போடுவது வழக்கம். அதற்கும் ஒரு வைத்தியம் செய்தார். பகல் நேரத்தில் டிவி அணைந்தால் சின்னவனே மறுபடி அதை எரிய வைப்பான். "யாரு அணைச்சாலும் அதுவா எரியும்," என்று மார் தட்டிக்கொண்டார். அந்த மார் தட்டலை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இனி என் பக்கத்துக் கதை. எனக்கு ஒரு பல் கிளினிக்கில் ரிசப்ஷன் வேலை. எங்கள் டாக்டரம்மா தனி ரகம். பல்லுக்கு மரியாதை கொடுப்பார், பல்லுக்குச் சொந்தக்காரருக்குக் கொடுக்கமாட்டார். "இவரு இருக்காரே, கடைவாய்ல ஓரமா ஒக்காந்திருக்காரு பாரு. பாவம், எவ்வளவு நாளா தனியாக் கஷ்டப்பட்டிருக்காரு! ஏம்ப்பா, ஒரு நாளாவது அவரை என்ன ஏதுன்னு விசாரிச்சியா நீ?" என்பார். வந்தவர் கோடீஸ்வரராக இருந்தாலும் இதே விசாரணைதான். கைராசிக்காரர். அதனால் திட்டு வாங்கிக்கொண்டே கூட்டம் வரும்.

டாக்டரம்மா ஊரின் அந்தக் கோடியில் இன்னொரு கிளினிக் திறக்கப் போகிறார். பல் பார்க்க வேறு டாக்டர் வருவார். ஆனால் ஆள் போட, சாமான் வாங்க, சண்டைக்கு வருபவரைச் சமாளிக்க, மொத்தத்தில் கிளினிக்கைக் கட்டி மேய்க்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நான்தான் என்று எனக்குத் தெரியும். டாக்டரம்மாவுக்குத் தெரியுமா என்பதுதான் தெரியவில்லை. கேட்டுவிடலாம் என்று அவர் அறை வாசல் வரை போவேன். "என்ன?" என்பார். "பஞ்சு தீரப்போகுது டாக்டர்," என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். அந்த மாதம் எங்களிடம் பஞ்சு மலையாகக் குவிந்துவிட்டது.

இதற்கிடையில் டை கட்டிய ஓர் ஆசாமி வந்தார். பெரிய ஹோட்டல் ஒன்றில் நிர்வாகம் பார்த்தவராம். டாக்டரம்மா கதவைச் சாத்திக்கொண்டு அவரோடு வெகு நேரம் பேசினார். போகும்போது அந்த ஆள் என் மேஜையில் இருந்த பேனா ஸ்டாண்டை நேராக்கி வைத்துவிட்டுப் போனார். வயிறு எரிந்தது எனக்கு.

அந்த எரிச்சலில்தான் வீட்டுக்காரரிடம் போனேன். கிளினிக் காத்திருப்பு அறையில் சுவரின் உச்சியில் ஒரு டிவி சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. "அதுல பல்லு தேய்க்கிற படம், யாருக்கு எத்தனை மணிக்குங்கற விவரம், இதெல்லாம் ஓடற மாதிரி ஒரு போர்டு வச்சுத் தாங்க. நான் ஏற்பாடு பண்ணினதுன்னு டாக்டருக்குத் தெரியணும்," என்றேன். மனுஷனுக்குக் கேட்கவா வேண்டும்? புதிதாக ஒன்றை வாங்கி, சோப்பு டப்பாவுக்குள் வைத்து, கிளினிக் டிவியின் முதுகில் திருகி, ஒரு வயர்கூட வெளியே தெரியாமல் மறைத்து, ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பல் தேய்க்கிற படம் அழகாக ஓடியது. டாக்டரம்மா அண்ணாந்து பார்த்து, "ம்," என்றார். அவர் பாராட்டுவது அந்த அளவில்தான்.

நேரம் காட்டுகிற வேலைக்கு மட்டும் இணையம் தேவை. கிளினிக் வைஃபை பாஸ்வேர்டை டாக்டரம்மா எனக்குச் சொன்னது சில நாள் கழித்துத்தான். அன்று காலை போனதும் போகாததுமாக, வீட்டுக்காரர் சொல்லித்தந்தபடி நானே அதை அடித்துச் சேர்த்தேன். என் கையால், பெருமையோடு.

இங்கே என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா வேறு ஊரில் மாடிப்படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டு படுத்திருந்தாள். அவளைச் சிரிக்க வைக்க, தினமும் வேலை முடிந்து வந்ததும் ஒரு வீடியோ எடுத்துக் குடும்ப இடத்தில் போட்டுவந்தேன். வேறென்ன, டாக்டரம்மாதான். கைக்குட்டையை மூக்குக்கு மேல் இழுத்துக் கட்டி, சமையலறை இடுக்கியைக் கையில் பிடித்தால் நான் அசல் டாக்டரம்மா. நோயாளி வேஷம் மாமனாருக்கு. அவர் அனாவசியமாக நன்றாக நடிப்பார். இடுக்கியைக் காட்டுவதற்கு முன்பே அலறுவார். அக்கா சிரித்துச் சிரித்து, "காலு வலிக்குதுடி, நிறுத்துடி," என்பாள்.

அன்று காலை கிளினிக்கில் நல்ல கூட்டம். உள்ளே நாற்காலியில் ஒரு லாரி டிரைவர். ஆள் மலை மாதிரி. ஆனால் வாயைத் திறக்கமாட்டேன் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தார். "தெறப்பா," "இன்னும் கொஞ்சம்," என்று டாக்டரம்மாவின் குரல் கதவைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. நான் போனில் யாருக்கோ நேரம் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது டாக்டரம்மாவின் குரல் இரண்டு திசையிலிருந்து கேட்டது.

"இவரு இருக்காரே, முன்பல்லு, எவ்வளவு கண்ணியமா நிக்கிறாரு பாரு. நீயும் இருக்கியே, ஏன்ப்பா இப்படி உருள்ற?"

அண்ணாந்து பார்த்தேன். சுவர் உச்சியில் நான். கையில் இடுக்கி. பக்கத்தில் என் மாமனார், கழுத்தில் துண்டோடு, "அம்மா, நான் வீட்டுக்குப் போறேன்," என்று காலை உதைத்துக்கொண்டிருந்தார். சத்தம் மாமனார் காதுக்கு ஏற்ற சத்தம்.

கிளினிக் போச்சு, புது கிளினிக் போச்சு, இருக்கிற நாற்காலியும் போச்சு என்று மூன்றும் ஒரே நேரத்தில் மனசுக்குள் ஓடின. ரிமோட்டை எடுத்து அணைத்தேன். அப்பாடா என்று உட்காருவதற்குள் டிவி மறுபடி எரிந்தது. இன்னொரு முறை அணைத்தேன். மறுபடி எரிந்தது. யார் அணைத்தாலும் அதுவாக எரியுமே!

சத்தத்தையாவது அடைப்போம் என்று அடைத்தேன். கன்னம் வீங்கிய ஒரு அம்மாள் தாடையைப் பிடித்துக்கொண்டே, "ஏம்மா, சத்தம் வை. நல்லா இருக்கு," என்றார். வைக்காமல் இருந்தும் பயனில்லை, அடுத்த வீடியோ தொடங்கியதும் அது தானே சத்தத்தை ஏற்றிக்கொண்டது. ஸ்டூல் போட்டு ஏறினேன். வயர் எங்கே? ஒன்றுகூட வெளியே தெரியாமல் மறைத்த புண்ணியவான் ஏணியையும் எடுத்துக்கொண்டு போயிருந்தாரே. மெயின் சுவிட்சை இறக்கலாம்தான், ஆனால் உள்ளே டாக்டரம்மா கையில் ஊசி, இருட்டில் அது லாரி டிரைவரின் எந்த இடத்தில் இறங்குமோ. அந்தப் பாவத்தை என்னால் சுமக்க முடியாது.

வீட்டுக்காரருக்குப் போன் அடித்தேன். பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில், லிஃப்ட் கூண்டின் தலைமேல் உட்கார்ந்திருந்தார். குரல் விட்டு விட்டு வந்தது.

"டாக்டர் டிவியில நான் ஓடறேங்க!"

"எங்க ஓடறே?"

"டிவியில! இடுக்கியோட! உங்க அப்பாவும்தான்!"

"அய்யய்யோ" என்று ஒரு சத்தம். அது லிஃப்ட் குழி முழுக்க எதிரொலித்தது. புது போர்டுக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றச் சோம்பல் பட்டுக்கொண்டு, வீட்டுச் சின்னவனின் கார்டை அப்படியே காப்பி எடுத்து மாட்டியிருக்கிறார். மேலே பல் தேய்க்கிற படத்தை மட்டும் வைத்தார். அடியில் இருந்த பழைய வேலைகளை நீக்க மறந்துவிட்டார். இணையம் இல்லாதவரை அது சாதுவாக இருந்தது. நான் பாஸ்வேர்டைக் கொடுத்ததும் தன் பிறவிக் கடமையைச் செய்யத் தொடங்கிவிட்டது.

"பயப்படாதே. என் போன்லேர்ந்தே உள்ள போய் நிறுத்திடறேன். ஒரே நிமிஷம்... ஆச்சு. நின்னுருச்சா?"

"நிக்கலைங்க! நான் இப்ப ரெண்டாவது நோயாளியைப் பார்க்கப் போறேன்!"

அதே நேரம் மேஜைப் போன் அடித்தது. மாமனார். "ஏம்மா, டிவி செத்துப் போச்சும்மா. மேட்ச்ல கடைசி நேரம். நான் எதையும் தொடலம்மா, சத்தியமா."

எனக்குப் புரிந்துவிட்டது. காப்பி எடுத்தவர் பெயரையும் சேர்த்துக் காப்பி எடுத்திருக்கிறார். ஊரில் இப்போது இரண்டு சின்னவன்கள். பெயரும் ஒன்று, பூட்டும் ஒன்று, சாவியும் ஒன்று. இவர் போனிலிருந்து "சின்னவா" என்று கூப்பிட்டால் எவன் முதலில் ஓடி வருகிறானோ அவனுக்குத்தான் உத்தரவு. நாம் சொன்னதை மட்டும் செய்யுமாம். யாரிடம் சொல்கிறோம் என்று நமக்குத் தெரிய வேண்டாமா?

"நீங்க நிறுத்தினது வீட்டு டிவியை," என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"இரு, இன்னொரு தடவை கூப்பிட்டுப் பாக்கறேன்."

மேஜைப் போன் மறுபடி அடித்தது. "இப்பத்தாம்மா வந்துச்சு. மறுபடி செத்துப் போச்சும்மா," என்று மாமனார் அழாத குறையாகச் சொன்னார்.

காத்திருப்பு அறையில் இதற்குள் ஒரு சின்னத் திருவிழாவே கூடிவிட்டது. பல் வலியோடு வந்தவர்கள் பல் தெரியச் சிரித்தார்கள். ஒருவர் எழுந்து திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "நீங்கதானே அது?" என்றார். "இல்லை, என் தங்கச்சி," என்றேன். எனக்குத் தங்கச்சி கிடையாது.

உள்ளே இருந்தும் ஒரு சிரிப்பு கேட்டது, லாரி எஞ்சின் குலுங்குகிற சிரிப்பு. டிரைவருக்கு வெளியே ஒரு டாக்டரம்மா, உள்ளே ஒரு டாக்டரம்மா. வெளியே இருப்பவர் "இவரு ரொம்பக் கூச்ச சுபாவம், நீ தெறந்தாத்தான் வெளிய வருவாரு" என்று சொன்னதும் அந்த மனிதர் அடக்க முடியாமல் வாயைப் பிளந்து சிரித்துவிட்டார். எங்கள் டாக்டரம்மா சும்மா விடுவாரா? அந்தச் சந்தில் ஊசியைப் போட்டுவிட்டார்.

பிறகு கதவு திறந்தது. முகமூடி, கையுறை, நெற்றியில் விளக்கு, எல்லாவற்றோடும் டாக்டரம்மா வந்து நின்றார். சிரிப்பு அடங்கியது. டிவி மட்டும் அடங்கவில்லை. நான் ஸ்டூலின் மேல் நின்றுகொண்டிருந்தேன். இறங்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

டாக்டரம்மா அண்ணாந்து பார்த்தார். ஒரு வீடியோ முழுக்கப் பார்த்தார். முகமூடிக்கு மேல் கண் மட்டும்தான் தெரிந்தது, அதிலிருந்து ஒன்றும் பிடிபடவில்லை. முடிந்ததும் என்னைப் பார்த்தார்.

"நான் இடுக்கியை அப்படியா பிடிப்பேன்?"

"இல்லை டாக்டர். அது சமையலறை இடுக்கி."

யாரோ களுக்கென்று சிரித்தார். டாக்டரம்மா முகமூடியைக் கீழே இழுத்துவிட்டுத் தன் அறைக் கதவருகே போனார். தோள் இரண்டையும் குறுக்கிக்கொண்டார். ஒற்றை விரல் நகத்தால் கதவை மூன்று தரம் தட்டினார், எறும்புக்குக்கூடக் கேட்காது. பிறகு பாதி உடம்பைக் கதவுக்குப் பின்னால் மறைத்து, தலையை மட்டும் நீட்டி, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற ஒரு குரலில் சொன்னார்: "டாக்டர்... ஒண்ணுமில்லை டாக்டர்... சரி டாக்டர்... சும்மாதான் வந்தேன் டாக்டர்..." பின்னோக்கி நடந்து, சத்தமே வராமல் கதவைச் சாத்தினார்.

அறை அதிர்ந்தது. கன்னம் வீங்கிய அம்மாள் வலியில் "ஐயோ, ஐயோ" என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது அது நான்தான் என்று. எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. நானா இப்படி? வீட்டில் நான் வாயைத் திறந்தால் வீட்டுக்காரர் மொட்டைமாடிக்குப் போய்விடுவார். சிரிப்பு வந்தது, கூடவே சுருக்கென்று வலித்தது. கண் கலங்கியதை மறைக்கவும் முடியவில்லை, ஸ்டூலின் உயரத்தில் நின்றால் எதை மறைப்பது?

டாக்டரம்மா பக்கத்தில் வந்தார். "புது கிளினிக்குக்கு அந்த டை கட்டினவர்கிட்ட இன்னிக்குச் சரின்னு சொல்றதா இருந்தேன்," என்றார். "அங்க ஒருத்தர் தனியா நிக்கணும். சாமான் கொண்டுவர்றவன் ஏமாத்தினா கத்தணும். உனக்குக் கத்தத் தெரியும்னே எனக்கு இப்பத்தான் தெரியுது. உனக்கு அந்த வேலை வேணும்னா நீ ஏன் என்கிட்ட கேக்கல?"

வழக்கமான பதில் தொண்டை வரை வந்தது. அந்த மெல்லிய குரலை இப்போதுதானே எல்லோரும் கேட்டார்கள்? விழுங்கிவிட்டேன்.

"நீங்க ஏன் என்கிட்ட கேக்கல டாக்டர்?"

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. டாக்டரம்மா கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார்.

"நியாயம்தான்," என்றார். "இப்பக் கேக்கறேன். பாத்துக்கறியா?"

"பாத்துக்கறேன். ஆனா ஞாயித்துக்கிழமை வரமாட்டேன்." இத்தனை வருஷம் ஞாயிறுகளில் பாதி நாள் வந்துகொண்டிருந்தவள் நான். அது வேண்டாம் என்று சொல்லலாம் என்பதே அந்த நிமிஷத்தில்தான் எனக்குத் தோன்றியது.

"அப்ப ஞாயித்துக்கிழமை அங்க யாரு இருப்பா?"

"அதை இனிமே நான்தானே டாக்டர் முடிவு பண்ணணும்?"

டாக்டரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார், ஸ்டூலையும் சேர்த்துப் பார்த்தார். பிறகு சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி. அந்த நேரம் பார்த்து, வீட்டுக்காரரின் உத்தரவு ஒருவழியாகச் சரியான சின்னவனிடம் போய்ச் சேர்ந்து, தலைக்கு மேல் டிவி பொட்டென்று அணைந்தது. காத்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் என்னைத் திட்டத் தொடங்கினார்கள்.